பிராது என்று எழுதுங்கள்: உலக வரலாற்றைத் தமிழில் எழுதுகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

உலக வரலாற்றைத் தமிழில் எழுதுகிற, மொழிபெயர்க்கிற நண்பர்களுக்கு,

வணக்கம். நான் இங்கிலாந்தின் தென்மேற்கில் 15 வருடமாக இருக்கிறேன். பாத் நகரம் எங்கள் வீட்டிலிருந்து ரயிலில் கால் மணி நேரம். ஊரிலிருந்து யார் வந்தாலும் முதல் சனிக்கிழமை அங்கேதான் கூட்டிப்போவது. பச்சைத் தண்ணீர், மேலே ஆவி, சுற்றித் தூண்கள், ஆளுக்கு நாலு போட்டோ, அப்புறம் ஒரு காபி. எத்தனை தடவை போனேன் என்று எனக்கே கணக்கில்லை. அதனால் அந்த வெந்நீர் ஊற்றைப் பற்றித் தமிழில் எது வந்தாலும் விடாமல் படித்துவிடுவேன். பயணக் கட்டுரை, பொது அறிவு நூல், சிறுவர் பக்கம், எதையும் விடுவதில்லை. படித்து முடித்ததும் ஒரு சின்ன எரிச்சல் வரும். யாரையும் பெயர் சொல்லிக் குறை சொல்ல இதை எழுதவில்லை. பலரும் செய்கிற தவறு இது, நானும் செய்திருக்கிறேன்.

பெரும்பாலும் இந்த மாதிரிதான் எழுதுகிறோம்: "ரோமானியர்கள் பாத் நகரில் வெந்நீர்க் குளியல் கட்டி, தங்கள் தெய்வமான மினர்வாவுக்குக் கோயில் எழுப்பினார்கள். மக்கள் எதிரிகளைச் சபித்து எழுதிய ஈயத் தகடுகளைத் தண்ணீரில் போட்டார்கள்." இரண்டே வாக்கியம். முதல் வாக்கியத்தில் தெய்வத்தின் பெயர் தவறு. இரண்டாவதில் தகட்டின் பெயர் தவறு. இதுதான் என் வழக்கு.

முதலில் தெய்வம். அந்த ஊருக்கு ரோமானியர் காலத்துப் பெயர் அக்வே சூலிஸ், அதாவது சூலிஸின் நீர். பேரரசின் சாலைகளில் எந்த ஊருக்கு எத்தனை மைல் என்று பட்டியல் போட்ட அந்தோனினஸ் வழிப்பட்டியலிலும் அந்தப் பெயர்தான் இருக்கிறது. கி.பி. 43-ல் படையெடுத்து வந்தவர்கள், ஊற்றில் ஏற்கெனவே ஒரு தெய்வம் குடியிருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்டு, அதன் பெயரையே ஊருக்கும் வைத்துவிட்டார்கள். 46 டிகிரி சூட்டில் ஒரு நாளைக்கு 11 லட்சம் லிட்டருக்கு மேல் பொங்கி வருகிற தண்ணீர் அது. மழையும் குளிருமான அந்த நாட்டில், பனிக்காலத்து விடியலில் அதன் அருகே போய் நின்றால் அங்கே ஒரு சாமி இருக்கிறது என்று யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஊற்றிலிருந்து எடுத்தவற்றில், ரோமானியர்கள் வருவதற்கு முன்பே அங்கே இருந்த கெல்டிக் மக்களின் நாணயங்களும் உண்டு.

அந்தத் தெய்வத்தின் பெயர் சூலிஸ். சமதையாக நினைத்து ரோமானியர்கள் பக்கத்தில் சேர்த்த பெயர் மினர்வா. அப்படிச் சேர்த்த பிறகும் கல்லில் வெட்டியவர்கள் எந்தப் பெயரை வெட்டினார்கள் என்று பாருங்கள்.

1965-ல் கோயில் முற்றத்தில் ஒரு பீடக்கல் கிடைத்தது. அதை வைத்தவர் லூசியஸ் மார்சியஸ் மெமோர். பலி கொடுத்த விலங்கின் ஈரலைப் பார்த்துக் குறி சொல்கிறவர், லத்தீனில் ஹருஸ்பெக்ஸ். இத்தாலியின் எத்ருஸ்கரிடமிருந்து ரோமானியர்கள் வாங்கிக்கொண்ட கலை அது. இதைவிட ரோமானியத்தனமான ஆளை மதத்துறையில் காட்ட முடியாது. அவர் கல்லில் மினர்வா என்ற சொல்லே இல்லை. 'சூலிஸ் தேவிக்கு' என்று மட்டும் இருக்கிறது. கல்லின் அருகே நின்றால் இன்னொன்றும் தெரியும். அவர் பதவியை 'ஹர்' என்று மூன்று எழுத்தில் சுருக்கி, வரி நடுவில் வரும்படி அளவெடுத்து வெட்டியிருக்கிறார் கல்தச்சர். பிறகு யாருக்கோ அது போதவில்லை. மூன்று எழுத்து என்றால் எவனுக்குப் புரியும் என்று நினைத்தார்களோ என்னவோ, இன்னும் மூன்று எழுத்தைப் பின்னால் ஒட்டவைத்திருக்கிறார்கள். அந்த ஒரு வரி மட்டும் வலப்பக்கம் நீட்டிக்கொண்டு நிற்கிறது. அந்தக் கல்லைத் தாண்டிப் போகும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

75 வயதில் இறந்த கையஸ் கல்புர்னியஸ் ரெசெப்டஸின் கல்லறைக் கல்லில் அவர் தொழில் 'சூலிஸ் தேவியின் பூசாரி'. கல்லை வைத்தவர் அவர் மனைவி கல்புர்னியா ட்ரிஃபோசா. முன்பு அவரிடம் அடிமையாக இருந்து, அவராலேயே விடுதலை பெற்றவர். ஆறாம் படைப்பிரிவின் நூற்றுவர் தலைவர் மார்கஸ் ஔஃபிடியஸ் மாக்ஸிமஸின் நலனுக்காக, அவர் விடுதலை செய்த இரண்டு பேர் தனித்தனியே பலிபீடம் வைத்திருக்கிறார்கள். இரண்டும் சூலிஸுக்கு. இன்றைய பிரான்சின் ஷார்த்ர் பக்கத்துக் கார்னூட்டஸ் இனத்தைச் சேர்ந்த பிரிஸ்கஸ் என்ற கல்தச்சரும் சூலிஸுக்குத்தான் நேர்ந்துகொண்டிருக்கிறார். மத்தூரஸ் என்பவரின் மகன் சூலினஸ் தன் பலிபீடத்தில் இரண்டு பெயரையும் சேர்த்து 'சூலிஸ் மினர்வா' என்கிறார். சேர்த்துச் சொல்கிறவர்களும் பெரும்பாலும் உள்ளூர்ப் பெயரை முன்னால் வைத்துவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறார்கள். விதிவிலக்கு இல்லாமல் இல்லை. மேலங்கியைத் திருட்டுக் கொடுத்த ஒருவர் மினர்வாவை முன்னால் போட்டு எழுதிய தகடு ஒன்று இருக்கிறது. அதை நான் மறைக்கவில்லை.

சரி, அப்படியானால் மினர்வா என்று மட்டும் எழுதியது யார்? சோலினஸ் என்ற லத்தீன் எழுத்தாளர். கி.பி. 3-ம் நூற்றாண்டுக்காரர். முந்தைய நூல்களிலிருந்தும் கேள்விப்பட்டதிலிருந்தும் உலக அதிசயங்களைத் தொகுத்தவர். பிரிட்டனில் வெந்நீர் ஊற்றுகள் இருக்கின்றன, அவற்றுக்கு மினர்வா அதிபதி, அவள் கோயிலில் எரியும் தீ சாம்பலாகாமல் கல் உருண்டைகளாக மாறிவிடுகிறது என்று எழுதினார். பாத்தைச் சுற்றியுள்ள சோமர்செட் வட்டாரத்து நிலக்கரியை எரித்திருப்பார்கள் என்பது ஆய்வாளர்கள் கணிப்பு. தீயைப் பற்றி அவ்வளவு விவரம் சொன்னவர் சூலிஸ் என்ற பெயரைச் சொல்லவில்லை. அவருக்கு முன்னோடி ஜூலியஸ் சீசர். கால் (Gaul, இன்றைய பிரான்ஸ் பக்கம்) நாட்டினர் மெர்குரியை அதிகம் கும்பிடுகிறார்கள், அப்புறம் அப்பல்லோ, மார்ஸ், ஜூபிடர், மினர்வா என்று எழுதிவைத்துவிட்டுப் போனார். அந்த மக்கள் அந்தத் தெய்வங்களை என்ன பெயரில் கூப்பிட்டார்கள் என்று அந்த இடத்தில் ஒரு சொல் கிடையாது. இந்தப் பழக்கத்துக்கு ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் ஒரு பெயரே கொடுத்தார்: ரோமானிய விளக்கம். அவர் சொன்னது ஜெர்மானியத் தெய்வங்களைப் பற்றி என்றாலும் பெயர் எல்லாவற்றுக்கும் ஒட்டிக்கொண்டது.

ஆக, தூரத்தில் உட்கார்ந்து எழுதியவருக்கு அவள் மினர்வா. அந்தத் தண்ணீரில் கால் வைத்தவர்களுக்கு சூலிஸ். நாம் தமிழில் எழுதும்போது சோலினஸ் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறோம். சீசரும் சோலினஸும் ஆங்கிலம் வழியாக நமக்கு வந்துவிட்டார்கள், கல்தச்சர் பிரிஸ்கஸ் வரவில்லை. காரணம் அவ்வளவுதான்.

உருவம் மினர்வாவுடையதுதானே என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1727-ல் ஸ்டால் தெருவில் சாக்கடைக்குத் தோண்டியபோது பொன்முலாம் பூசிய வெண்கலத் தலை ஒன்று கிடைத்தது. ஆறு அடுக்கு முலாம். முகம் சந்தேகமே இல்லாமல் மினர்வா. தலைக்கவசம் மட்டும் காணோம். ஆனால் அந்தத் தலையோடு நிறுத்திவிடாதீர்கள். 1790-ல் கிடைத்த கோயில் முகப்புச் சிற்பத்தையும் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். மினர்வாவின் கேடயத்தில் மெடூசாவின் தலை இருக்கும் என்பது கதை. மெடூசா பெண், கூந்தல் முழுக்கப் பாம்பு. இந்த முகப்பின் நடுவிலும் கேடயம் இருக்கிறது, அதை ஏந்த இரண்டு பக்கமும் வெற்றி தேவதைகள் இருக்கிறார்கள், மூலையில் மினர்வாவின் ஆந்தைகூட இருக்கிறது. கேடயத்துக்குள்ளே முறைத்துக்கொண்டிருப்பதோ ஒரு ஆண்பிள்ளை. முறுக்கிய மீசை, தாடி, நெற்றியில் ஆழமான சுருக்கம், காற்றில் பறக்கிற மாதிரி முடி, அந்த முடியில் பாம்புகள். கோர்கன் (மெடூசா வகைப் பாம்புமுடி அரக்கி), கடல் தெய்வம், சூரியன் என்று ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். எனக்கு அதில் எதுவென்று தீர்ப்புச் சொல்லத் தகுதி இல்லை. சிற்பி மினர்வாவின் புத்தகத்தை வாங்கிப் படித்துவிட்டு, முக்கியமான பக்கத்தில் தன் ஊர்ச் சாமியை வரைந்துவிட்டார் என்றுதான் தோன்றுகிறது.

இந்த இடத்தில் இன்னொரு சறுக்கலும் நடக்கிறது. "ரோமானியர்கள் பிற மதங்களை மதித்தார்கள்" என்று ஒரு வரி சேர்த்துவிடுகிறோம். கி.பி. 60 அல்லது 61-ல் ஆளுநர் சூட்டோனியஸ் பாலினஸ் படையோடு மோனா தீவுக்குப் போனார். வேல்ஸை ஒட்டிய இன்றைய ஆங்கிள்சி தீவு அது. கரையில் கைகளை வானத்துக்குத் தூக்கிச் சாபமிட்டுக்கொண்டு நின்ற ட்ரூயிட் பூசாரிகளைப் பார்த்து வீரர்கள் முதலில் விறைத்துப்போனார்கள் என்கிறார் டாசிட்டஸ். பிறகு வெட்டினார்கள். தெய்வத் தோப்புகளையும் வெட்டிச் சாய்த்தார்கள். அதே சமயத்தில்தான் கிழக்கே ரோமானியருக்கு எதிராக அரசி பூதிக்காவின் கிளர்ச்சி வெடித்தது. இதெல்லாம் நடந்து சில வருடங்களுக்குள், அந்த முதல் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே, பாத்தில் கொரிந்தியத் தூண்களோடு சூலிஸுக்குக் கோயில் எழும்புகிறது. பூசாரிகளை ஒழிப்பதும் சாமிக்குக் கோயில் கட்டுவதும் ஒரே ஆட்சியின் இரண்டு வேலைகள். மதிப்பு என்ற சொல் இதற்குப் பொருந்தாது. அடக்குமுறை என்று மட்டும் சொன்னாலும் பாதிதான்.

ஊற்றை என்ன செய்தார்கள் என்பதில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். முன்பு சேற்றுக்கரையில் இறங்கி யாரும் கிட்டப் போகக்கூடிய குளம். ரோமானியப் பொறியாளர்கள் சேற்றில் ஓக் மரக் கட்டைகளை அடித்து, சுற்றிலும் கல் சுவர் எழுப்பி, உட்புறம் ஈயத் தகடு பதித்துத் தொட்டியாக்கினார்கள். பிறகு அதன் மேல் கூரையும் வந்தது. குளிக்க வந்தவர்கள் பெரிய ஜன்னல் வழியாக ஆவி பறக்கும் புனிதத் தண்ணீரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, பக்கத்துக் குளத்தில் இறங்கினார்கள். அந்தக் குளத்தின் தரையில் போட்ட 45 ஈயப் பாளங்கள் இன்றும் தண்ணீரைத் தாங்கிக்கொண்டிருக்கின்றன. (போட்டோவில் அழகாக விழுகிற மேல்தளமும் சிலைகளும் 19-ம் நூற்றாண்டு வேலை. அவற்றை 'ரோமானியச் சிலைகள்' என்று போடுகிறவர்களுக்குத் தனியாக ஒரு மடல் எழுதவேண்டும்.)

இனி தகடுகள். என் மடலுக்குத் தலைப்புக் கொடுத்தது இதுதான்.

1978-ல் அந்தத் தண்ணீரில் நீந்திய ஒரு சிறுமி நுண்ணுயிர்த் தொற்றால் இறந்துபோனார். குளிப்பது நிறுத்தப்பட்டது. அதன் பிறகு 1979-80-ல் தொல்லியலாளர் பாரி கன்லிஃப் தலைமையில் ஊற்றின் அடியைத் தோண்டினார்கள். 12,000-க்கும் மேற்பட்ட நாணயங்கள், வழிபாட்டுக் கிண்ணங்கள், செதுக்கிய மணிக்கற்கள், எல்லாவற்றுக்கும் நடுவே மடித்தும் சுருட்டியும் கிடந்த ஈயத் துண்டுகள். மொத்தம் சுமார் 130. பிரித்துப் படிப்பதற்கு வருடக்கணக்கில் உழைத்தவர் ரோஜர் டாம்லின். 1988-ல் அவர் படித்தவை நூலாக வந்தன.

போன வருடம் அத்தை வந்திருந்தார். அப்பாவின் தங்கை, விருத்தாசலத்துக்காரர். சிலைகளைப் பார்க்கும்போது கால் வலிக்கிறது என்றவர், தகடுகள் இருக்கும் கண்ணாடிப் பெட்டி வந்ததும் நின்றுவிட்டார். உள்ளங்கை அளவு கூட இல்லாத சாம்பல் நிறத் தகடு. ஓரம் சுருண்டிருக்கிறது. கீறல்தான் தெரிகிறதே தவிர எழுத்து என்று தெரியாது. "இதுல என்னடா எழுதியிருக்கு?" என்றார். எனக்கு நினைவில் இருந்ததைச் சொன்னேன். டோசிமெடிஸ் என்பவர் இரண்டு கையுறைகளைத் தொலைத்துவிட்டார். எடுத்தவனுக்குத் தேவியின் கோயிலிலேயே புத்தியும் கண்ணும் போகட்டும் என்கிறார்.

"ஒரு ஜோடி கையுறைக்கா?"

அடுத்து டோசிலியானஸ், புரூசெரஸின் மகன். முக்காடு வைத்த மேலங்கி போய்விட்டது. 'மகா புனிதமான சூலிஸ் தேவிக்கு' என்று ஆரம்பிக்கிறார். எடுத்தது ஆணோ பெண்ணோ, அடிமையோ அடிமை அல்லாதவரோ, மேலங்கியைக் கோயிலில் கொண்டுவந்து வைக்கும் வரைக்கும் தூக்கமும் பிள்ளைப்பேறும் கிடைக்கக்கூடாது. இன்னொருவர் சோலினஸ். முன்னே சொன்ன எழுத்தாளர் இல்லை, பெயர்தான் ஒன்று. குளிக்கப் போன இடத்தில் குளியல் உடையும் மேலங்கியும் போய்விட்டன. டோக்கா என்பவருக்கு ஐந்து தெனாரியஸ் காசு போயிருக்கிறது. சிவிலிஸ் என்பவருக்கு ஏர்க்கொழு. ஒருவருக்கு வெண்கலப் பாத்திரம், திருடியவனின் ரத்தம் அந்தப் பாத்திரத்திலேயே சிந்த வேண்டுமாம். வசதியானவர்கள் உடையைப் பார்த்துக்கொள்ள அடிமையைக் கூட்டிவந்திருப்பார்கள். இவர்களுக்கு அதற்கு வழியில்லை என்று நினைக்கிறேன்.

அத்தை கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "சாபம் சாபம்ங்கறியே. இது சாபம் இல்லடா. பிராது."

விருத்தாசலம் பக்கத்தில் மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் கோயிலில், தனக்கு நடந்த அநியாயத்தைக் காகிதத்தில் மனுவாக எழுதிக் கட்டுவது தெரிந்தவர்களுக்குத் தெரியும். பிராது கட்டுவது என்று பெயர். பாத்துக்கும் மணவாளநல்லூருக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது, யாரும் யாரிடமும் கற்றுக்கொள்ளவில்லை. தயவுசெய்து அந்தக் கோணத்தில் கட்டுரை எழுதிவிடாதீர்கள். நமக்கு வேண்டியது அந்தச் சொல் மட்டும். வரும் ரயிலில் யோசித்துக்கொண்டே வந்தேன். அத்தை சொன்னது, இந்தத் துறையில் பெயர் பெற்ற ஹெங்க் வெர்ஸ்னல் பல வருடம் வாதாடி நிறுவிய விஷயம். நீதி கேட்கும் வேண்டுதல்களைச் சாபங்களிலிருந்து பிரித்துப் பார்க்கவேண்டும் என்றவர் அவர்.

ஏன் பிராது? சாபத் தகடு எழுதுகிறவர் பொதுவாகத் தன் பெயரை எழுதுவதில்லை. எதிரியின் பெயரை எழுதி, கட்டிப்போடு, முடக்கு, அழி என்று பாதாளத்துத் தெய்வங்களிடம் ஒப்படைப்பார். போட்டிக் குதிரைப் பந்தயக்காரனின் குதிரை விழவேண்டும் என்பது மாதிரி. எழுதியவருக்கு அதில் நியாயம் இருக்கவேண்டும் என்று கூட இல்லை. பாத்துத் தகடுகளில் பெரும்பாலானவை இதற்கு நேர் எதிர். எழுதியவர் தன் பெயரைச் சொல்கிறார், சில சமயம் அப்பா பெயரையும். என்ன பொருள், எத்தனை என்கிறார். குற்றவாளியின் பெயர்தான் தெரியாது. அதனால்தான் 'ஆணோ பெண்ணோ, சிறுவனோ சிறுமியோ, அடிமையோ அடிமை அல்லாதவரோ' என்று ஓட்டை இல்லாமல் அடைக்கிறார். கை தேர்ந்த பத்திர எழுத்தர் எழுதுகிற மாதிரி. அதோடு ஒரு நுட்பமும் உண்டு. தொலைந்த பொருளை அவர் தேவிக்குக் கொடுத்துவிடுகிறார். 'நான் இழந்த ஐந்து தெனாரியஸை உனக்குத் தருகிறேன்' என்கிறார் டோக்கா. காசு இப்போது தேவியின் சொத்து. திருடன் அவள் சொத்தை வைத்திருக்கிறான். இனி வசூலிக்கவேண்டியது அவள். பல தகடுகளில் வெளியே வர ஒரு கதவும் திறந்திருக்கிறது: பொருளைக் கோயிலில் கொண்டுவந்து வைத்துவிட்டால் தண்டனை நிற்கும். இதில் எங்கே இருக்கிறது சாபம்?

எல்லாமே அப்படி இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். 1880-ல் கிடைத்த ஒரு தகடு, 'வில்பியாவை என்னிடமிருந்து திருடியவன் தண்ணீராகக் கரைந்துபோகட்டும்' என்கிறது. ஒவ்வொரு சொல்லும் தலைகீழாக, கடைசி எழுத்திலிருந்து தொடங்கி எழுதியிருக்கிறது. வில்பியா என்பது ஒரு பெண்ணா, ஏதோ பொருளா என்பதில் இன்னும் சண்டை. சந்தேகப்பட்டவர்களின் பெயர்ப் பட்டியலும் கீழே உண்டு. அதைச் சாபம் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

பிராது என்ற சொல்லுக்கு நான் பிடிவாதம் பிடிக்க இன்னொரு காரணமும் இருக்கிறது. சாபம் என்றதும் வாசகர் மனதில் மந்திரவாதி வந்துவிடுகிறார். நள்ளிரவு, மண்டை ஓடு, புகை. இந்த 130 தகடுகளில் இரண்டுக்கு ஒரே கையெழுத்து இருப்பதே அபூர்வம். கட்டணம் வாங்கிக்கொண்டு எழுதிக் கொடுத்த மந்திரவாதி இருந்திருந்தால் ஒரே கை திரும்பத் திரும்ப வந்திருக்கும். வந்தவர்கள் அவரவரே கீறியிருக்கிறார்கள் என்று தோன்றுகிறது. சிலருக்கு எழுதவே தெரியாது. எழுத்து மாதிரி கோடுகளை வரிசையாகக் கீறி, மடித்து, உள்ளே போட்டிருக்கிறார்கள். படிக்கவேண்டியவளுக்குப் புரியும் என்ற நம்பிக்கை. சில கோடுகள் செங்குத்தாக, சில வளைந்து, ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளை பெரியவர்களைப் பார்த்து எழுதிப் பழகுகிற மாதிரி. அதை வைத்திருந்த கை என்ன தொலைத்தது என்று யாருக்கும் தெரியப்போவதில்லை.

இரண்டு தகடுகள் வேறு விதம். எழுத்து லத்தீன், மொழி லத்தீன் இல்லை. பழைய பிரிட்டானிய கெல்டிக்காக இருக்கலாம் என்கிறார்கள். ஒன்றில் விந்தியோரிக்ஸ் என்ற பெயர் மட்டும் தெளிவாக நிற்கிறது. மற்றதற்கு எல்லோரும் ஒத்துக்கொண்ட மொழிபெயர்ப்பு இன்றுவரை இல்லை. அந்த ஊகம் சரியென்றால், அந்த நாட்டு மக்கள் தங்கள் மொழியில் தங்கள் தெய்வத்திடம் பேசியது நமக்கு மிச்சம் இருப்பது இவ்வளவுதான். மினர்வா என்று எழுதி இதையும் சேர்த்து மூடிவிடுகிறோம்.

ஊரின் வாழ்க்கையும் இந்தப் பிராதுகளில்தான் இருக்கிறது. ஒரு தகட்டில் ஊரிகாலஸ், அவர் மனைவி டோசிலோசா, மகன் டோசிலிஸ், டோசிலினா, சகோதரர் டெசென்டினஸ், அலோஜியோசா என்று ஒரு குடும்பமே ஏப்ரல் 12 அன்று சூலிஸின் ஊற்றில் சத்தியம் செய்திருக்கிறது. பொய்ச் சத்தியம் செய்தவர் தன் ரத்தத்தால் தேவிக்குக் கடன் தீர்க்கவேண்டும். என்ன தகராறு என்று அதில் சொல்லவில்லை. பங்காளிச் சண்டை என்று நானாக நினைத்துக்கொள்கிறேன். கி.பி. 4-ம் நூற்றாண்டில் அன்னியானஸ் என்பவர் தன் பையிலிருந்து ஆறு வெள்ளிக் காசு போய்விட்டது என்று எழுதுகிறார். வழக்கமான ஆணோ பெண்ணோ பட்டியலுக்கு முன்னால் அவர் புதிதாக ஒன்றைச் சேர்க்கிறார்: 'கிறிஸ்தவரோ, அல்லாதவரோ'. பேரரசின் மதம் மாறிக்கொண்டிருக்கிறது, ஆனால் யார் திருடியிருந்தாலும் சூலிஸின் அதிகாரம் செல்லும் என்பதில் அவருக்குச் சந்தேகமில்லை. பின்பக்கம் 18 பெயர்கள். போஸ்டுமியானஸ் என்று லத்தீன், காலியோபிஸ் என்று கிரேக்கம், அலாவ்னா என்று கெல்டிக். ஒரு தெருவில் சந்தேகப்பட்ட ஆட்களை வீடு வீடாக எண்ணிவந்தது போல் இருக்கிறது.

இந்த ஊற்று வட்டாரத்துக்கு ரோம அதிகாரியே இல்லையா என்றால், இருந்தார். 1753-ல் கிடைத்த கல் ஒன்றில் வட்டாரப் பொறுப்பு வகித்த நூற்றுவர் தலைவர் கையஸ் செவெரியஸ் எமெரிட்டஸ், 'அடாவடியால் சிதைக்கப்பட்ட புனித இடத்தை'ச் சுத்தம் செய்து பேரரசரின் தெய்வ ஆற்றலுக்கு அர்ப்பணித்ததாகச் சொல்கிறார். யார் செய்த அடாவடி என்று எழுதவில்லை. கையுறை போனவர்கள் இந்த மாதிரி அதிகாரியிடம் போனார்களா என்பதற்குப் பதிவு இல்லை. சூலிஸிடம் போனதற்குப் பதிவு இருக்கிறது.

சில்லறை விஷயங்கள் இரண்டு. சூலிஸ் என்றதும் நம் ஆட்களுக்கு 'சூலி' ஞாபகம் வரும், சூலம் ஏந்தியவள் என்று பொருள் சொல்லி ஒரு பதிவு போடக் கை துறுதுறுக்கும். வேண்டாம். பழைய ஐரிஷில் கண்ணைக் குறிக்கும் 'சூல்' என்ற சொல்லோடு சேர்த்துத்தான் மொழியியலாளர்கள் இதைப் பேசுகிறார்கள். அந்தச் சொல்லுக்கு வேர், சூரியனைக் குறித்த ஒரு இந்தோ-ஐரோப்பியச் சொல். சமஸ்கிருத 'சூர்ய'வும் அங்கிருந்து வந்ததுதான். உறவு கொண்டாடியே ஆகவேண்டும் என்றால் சூரியனோடு கொண்டாடுங்கள். (திருடனின் கண் போகவேண்டும் என்று டோசிமெடிஸ் கேட்டதற்கும் இதற்கும் முடிச்சுப் போட எனக்கும் ஆசைதான். போடமாட்டேன்.) இன்னொன்று, 'செல்டிக்' என்பது கிளாஸ்கோ கால்பந்து அணி. மக்களும் மொழியும் கெல்டிக்.

சூலிஸோடு இது முடிந்துவிடுவதும் இல்லை. செவர்ன் ஆற்றங்கரையில் லிட்னியில் கோயில் கொண்ட நோடென்ஸை 'மார்ஸ்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், இன்றைய ஜெர்மனியின் ட்ரியரில் இருந்த லெனஸையும்தான். குதிரைத் தெய்வம் எபோனாவுக்கு ரோமில் ஜோடிப் பெயரே கிடைக்கவில்லை, குதிரைப்படை வீரர்கள் அவளை அப்படியே சுவீகரித்துக்கொண்டார்கள். வட இத்தாலியில் கிடைத்த ஒரு நாள்காட்டியில் டிசம்பர் 18 அவளுக்கு என்று இருக்கிறது. பாரிஸ் படகோட்டிகள் திபேரியஸ் காலத்தில் ஜூபிடருக்கு நட்ட தூணில், மான்கொம்பு முளைத்த கெர்னுனோஸ் தன் சொந்தப் பெயரோடுதான் உட்கார்ந்திருக்கிறார்.

கடைசியாக, உங்களிடம் ஒரு உதவி. சோலினஸ் தன் குளியல் உடையைக் கொடுக்கும் தகட்டில் 'உன் நூமெனுக்கும் மாட்சிமைக்கும்' என்று எழுதுகிறார். நூமென் என்றால் தெய்வத்திடம் இருக்கும், காரியத்தை நடத்திக்காட்டுகிற ஆற்றல். 'தெய்வ ஆற்றல்' என்று மேலே ஒரு இடத்தில் நானே போட்டிருக்கிறேன், அரசாங்கக் கடிதம் மாதிரி இருக்கிறது. 'அருள்' திருடனின் தூக்கத்தைப் பறிக்காது. 'சக்தி' என்றால் வேறு கதைகள் எல்லாம் கூடவே வந்துவிடும். அத்தையிடம் போனில் கேட்டேன். "துடியான சாமின்னு சொல்லுவோம்ல, அதான்" என்றார். சொல் அதேதான், ஆனால் 'துடியான' என்பதைப் பெயர்ச்சொல்லாக்கினால் 'துடிப்பு' என்று இளைஞர் அணிப் பக்கம் போய்விடுகிறது. உங்களில் யாருக்காவது நல்ல சொல் கிடைத்தால் எழுதுங்கள். என் கோப்பில் அந்த இடத்தை இப்போதைக்கு நூமென் என்றே போட்டு, பென்சிலில் வட்டமிட்டு வைத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாசகன்